கூட வருவேன், பேச மாட்டேன்

அந்த அக்கா தன் பிள்ளைகளில் ஒன்றை முன்னால் விட்டுப் பின்னால் நடந்து போனால், எங்கள் தெருவில் பார்த்தவர்கள் செய்கிற வேலையை நிறுத்திவிடுவார்கள். யார் வீட்டுக்குப் போகிறார்கள், இந்தத் தடவை என்ன தப்பு என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை. பிள்ளையின் தலை தொங்கியிருக்கும். அக்கா அதட்ட மாட்டார். கையைப் பிடித்து இழுக்கவும் மாட்டார். இரண்டடி இடைவெளி விட்டு, ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருவார். முகத்தில் கோபம் இருக்காது. களைப்புதான் இருக்கும்.

"தப்பு உன்னுது. சொல்றதும் உன் வேல. நான் கூட வருவேன், பேச மாட்டேன்."

அவர் பிள்ளை வளர்த்த விதம் இவ்வளவுதான். இதற்கு மேல் அவரிடம் ஒரு வித்தையும் கிடையாது.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில். ஊராட்சியில் தண்ணீர் திறந்து விடுவது என் வேலை. அப்போதும் அதுதான், இப்போதும் அதுதான். எங்கள் தெருவுக்கான வால்வு அந்த அக்கா வீட்டு வாசலுக்கு நேரே இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் அங்கே நிற்க வேண்டும். எனக்குப் பேச்சு வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. நாலு பேர் இருக்கிற இடத்தில் பின்னால் நிற்பதே பழக்கம். கோவிலிலும் கடைசி வரிசைதான். பேசாமல் நிற்கிறவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். அந்த வீட்டில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அவர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தார். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு நாள் தூங்குவார், போய்விடுவார். ஒரு பெண், ஒரு பையன். பையன் பெயர் சேவியர். சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த வீட்டில் செபமாலை சொல்வார்கள். முடிந்ததும் பிள்ளைகள் இரண்டும் அம்மா முன்னால் வந்து "தோத்திரம்மா" என்று சொல்லும். அவர் கட்டை விரலால் நெற்றியில் சின்னதாகச் சிலுவை போடுவார். இதெல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு, எல்லாக் கத்தோலிக்க வீட்டிலும் உண்டு. அதற்குப் பிறகு நடப்பதுதான் அந்த வீட்டில் மட்டும் உண்டு. அன்றைக்குச் செய்த தப்பில் ஆளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்காதான் முதலில் சொல்வார்.

"இன்னைக்குப் பருப்பு தீஞ்சு போச்சு. பெரிய டீச்சர் கேட்டதுக்கு வெறகு ஈரம்னு சொன்னேன். வெறகு ஈரமில்ல. நான் பேசிக்கிட்டு இருந்துட்டேன்."

அடுத்தது பெண். அது தன் கதையை விட்டுவிட்டுத் தம்பியின் கதையைத் தொடங்கும். "இவன் இன்னைக்கு என்னா பண்ணான் தெரியுமாம்மா..."

"அவன் கதைய அவன் சொல்லுவான். உன்னுத சொல்லு."

"நான் ஒண்ணும் பண்ணலியே."

"அப்ப யோசி. சோறு ஆறட்டும்."

சோறு ஆறும். பல நாள் நான் வால்வை மூடிவிட்டு வீட்டுக்குப் போகும்போதும் அந்த வீட்டில் யோசித்துக்கொண்டு இருப்பார்கள்.

சேவியருக்கு ஏழு வயது இருக்கும்போது கோவில் குடிலிலிருந்து ஒரு மண் ஆட்டுக்குட்டியை எடுத்து வந்துவிட்டான். கிறிஸ்துமஸ் முடிந்து நாலைந்து நாள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு நடக்கும்போது அக்கா அவனைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினார். ஃபாதர் உள்ளே நாற்பது பிள்ளைகளோடு இருக்கிறார். பையன் ஆட்டுக்குட்டியை நீட்டுகிறான், வாய் திறக்கவில்லை. ஃபாதர் வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"போதும்மா, விடுங்க. சின்னப் புள்ள."

"நீங்க விடலாம் ஃபாதர். அவன் இன்னும் சொல்லல."

பையன் அழுதான். மூக்கு ஒழுகியது. அக்கா கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். நாற்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்துக்கொண்டு இருந்தன. என் மகனைக் கூட்டிப் போக வந்து நின்ற எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்றே தெரியவில்லை. கடைசியில் அவன், "நான்தான் எடுத்தேன், வெளாட எடுத்தேன்" என்றான். அக்கா முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டு, "வா, போலாம். உளுந்து ஊறப் போட்டிருக்கேன்" என்றார். திரும்பி வரும் வழி முழுக்க அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏழு வயதுப் பையன், கால் அவர் முழங்காலைத் தட்டியது.

தூக்கிக்கொண்டு வந்ததை ஊரில் யாரும் பேசவில்லை. நிறுத்தி வைத்ததைத்தான் பேசினார்கள்.

பெண் பத்தாவது படிக்கும்போது அரைப் பரீட்சையில் பார்த்து எழுதிவிட்டது. செபமாலைக்குப் பிறகு அதுவாகத்தான் சொன்னது. மறுநாள் காலையில் பெரிய டீச்சர் அறைக்கு இரண்டு பேரும் போனார்கள். பெரிய டீச்சருக்கே எரிச்சல்.

"இதையெல்லாம் என்னாத்துக்கும்மா இங்க வந்து சொல்றீங்க? இப்ப நான் மறுபடி பேப்பர் எடுக்கணும், கையெழுத்துப் போடணும், எனக்குத்தான் வேல."

மார்க்கைக் குறைத்தார்கள். அந்தப் பெண் ஒரு மாதம் அம்மாவோடு பேசவில்லை. குடத்தோடு வந்து நின்ற என் மனைவியிடம் அது சொன்னது என் காதில் விழுந்தது. "அத்த, எங்கம்மாவுக்கும் கோவில்ல ஒரு செல வெச்சிருங்க. வருசா வருசம் நானே மால போடுறேன்."

என் மனைவி சிரித்துவிட்டாள். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்த அக்காவும் சிரித்தார். "செலயா இருந்தா தேவலயே. கால் வலிக்காது" என்றார்.

அவர் கல் மனசுக்காரர் என்று சொன்னவர்கள் இன்னொன்றைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நாள் சத்துணவுக் கூடத்தில் சாம்பார் வாளி கவிழ்ந்தது. அக்கா திரும்பினார், பக்கத்தில் நின்ற பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். தட்டிவிட்டது அந்தப் பிள்ளை இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அன்று சாயங்காலம் தன் பிள்ளைகள் இரண்டையும் கூப்பிட்டார்.

"இன்னைக்கு நீங்க கூட வாங்க. நான் பேசணும்."

கீழத் தெருவுக்கு மூன்று பேரும் போனார்கள். அடிபட்ட பிள்ளையின் அப்பன் முரடன். வாசலிலேயே நிறுத்தி, "அடிக்கிறது பள்ளிக்கூடத்துல, மன்னிப்பு வூட்டுலயா? ஒங்க சாமி அப்படித்தான் சொல்லிக் குடுத்துச்சா?" என்று சத்தம் போட்டான். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளையைப் பார்த்து, "உன்ன அடிச்சது தப்பு சாமி. நான் பாக்காம அடிச்சிட்டேன்" என்றார். அவருடைய பிள்ளைகள் இரண்டும் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இருந்தன. திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒரே வரிசையில் வந்தார்கள். அம்மாவோடு பேசாமல் இருந்த பெண் அன்றைக்குத்தான் பேசியது என்று நினைக்கிறேன். "ஏம்மா இவ்ளோ வேகமா நடக்கற" என்று கேட்டது.

எனக்கு ஒரே மகன். அமல். சேவியரோடு ஒன்றாகப் படித்தவன். நான் அவனை அடித்ததில்லை, திட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குக் கூட்டிப் போனேன். செபம் சொல்லிக் கொடுத்தேன். முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். பிள்ளை வளர்த்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு தடவை வால்வு திறக்கும்போது அந்த அக்காவிடம் கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட ஒன்றிரண்டு கேள்விகளில் அது ஒன்று. "ஏங்க்கா, இவ்ளோ கஷ்டப்படுத்தணுமா?"

அவர் ஒரு காலைத் தூக்கிச் செருப்பைக் காட்டினார். குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

"எனக்கு என்னா ஆசையா தம்பி? பத்து மணியிலருந்து அடுப்புல நிக்கிறேன். வூட்டுக்கு வந்தா படுத்துக்கலாம்னுதான் இருக்குது. ஆனா தனியா அனுப்புனா அது பாதி வழியில திரும்பிரும். நானே போய்ச் சொல்லிட்டா, அடுத்த தடவையும் என்னையே அனுப்பும். அதான் நடக்கறேன்."

பையன்களுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் கோவிலின் பங்குத் திருவிழா முடிந்த மறுநாள், சேவியரின் வண்டியில் இரண்டு பேரும் பாலக்கோட்டிலிருந்து வந்துகொண்டு இருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம். ஓட்டியது என் மகன். மாட்டுக்குத் தீவனப் புல் கட்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர்மேல் இடித்துவிட்டான். அவர் விழுந்தார். இவர்கள் நிற்கவில்லை. சேவியர் பின்னால் உட்கார்ந்து "நில்றா, நில்றா" என்று கத்தியும் இவன் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் இதைச் சொன்னான்.

"யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். அந்த ஆளுக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

யாரும் பார்க்கவில்லை என்றான். "அப்ப வாய மூடிக்கிட்டு இரு" என்றேன். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஓசூரில் இருக்கிற என் மச்சான் வீட்டுக்கு ஏற்றிவிட்டேன்.

அதே காலையில், நான் வால்வைத் திறந்துகொண்டு இருக்கும்போது, அந்த அக்கா வீட்டுக் கதவு திறந்தது. சேவியர் முன்னால் வந்தான். இரண்டடி விட்டு அக்கா. அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் மெயின் ரோட்டுக்குப் போய் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பஸ் ஏறினார்கள்.

அங்கே நடந்ததைச் சேவியர் பிறகு என் மகனிடம் சொல்லியிருக்கிறான். "வண்டி என்னுது. நானும் வண்டியில இருந்தேன். அடிபட்டவர விட்டுட்டு வந்தது தப்பு" என்று சேவியர் சொல்ல, கேஸ் எழுதுகிற போலீஸ்காரர் கேட்டிருக்கிறார்.

"ஓட்டுனது யாருடா?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க. அவனே வந்து சொல்லுவான்."

"அவன் வர மாட்டான்டா. ஏம்மா, உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா அது நான் சொல்ல வேண்டியது இல்ல."

அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து கதை விடுகிறார்கள் என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. வேறு யாரும் இல்லாததால் ஓட்டியதும் சேவியர்தான் என்று எழுதினார்கள். அவன் போலீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டு இருந்தான். தினமும் காலையில் ஏரிக்கரையில் ஓடுவான். கேஸ் விழுந்த பிறகு ஓடுவதை நிறுத்திவிட்டான்.

பெயரைச் சொல்லாமல் விட்டது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. சொந்தப் பிள்ளையின் வாழ்க்கை போகும்போதுகூட அடுத்தவன் கதையை அடுத்தவனே சொல்லட்டும் என்று ஒரு தாய் இருக்கலாமா? சில நாள் அது பெரிய மனசு என்று தோன்றும். சில நாள் அது பிடிவாதம் என்று தோன்றும். ஒரே ஒரு வார்த்தை சொல்லி என்னை மாட்டிவிட்டிருந்தால் நான் இவ்வளவு வருடம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடிபட்டவருக்குத் தொடை எலும்பு உடைந்து உள்ளே பிளேட் வைத்தார்கள். அவர் மாரண்டஹள்ளி ரோட்டில் கன்னடம் பேசுகிற ஒரு சின்ன ஊர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்காவும், கையில் அரிவாளோடு சேவியரும் அந்தப் பக்கம் நடந்து போவார்கள். அவர் எழுந்து நடக்கும்வரை அவருடைய மாட்டுக்குச் சேவியர் புல் அறுத்துப் போட்டான். அக்கா கொட்டகை ஓரமாக உட்கார்ந்திருப்பாராம். ஒரு கட்டுக்கூட அறுத்துத் தர மாட்டாராம்.

அக்காவைப் பார்க்கக் கூடாது என்று அதற்குப் பிறகு தினமும் விடிவதற்கு முன்பே தண்ணீர் திறந்தேன். தெருவே என்னைத் திட்டியது. "இந்தாளு தூங்குறதே இல்லியா, கோழி கூவறதுக்கு முன்னாடி தண்ணி வுடுறான்" என்றார்கள். பத்து நாள் கழித்து எனக்கு ஒரு வழி தோன்றியது. ஓசூரிலிருந்து மகனை வரச் சொல்லி, தருமபுரியில் பஸ் மாறிக் கடத்தூர் பக்கம் ஒரு கோவிலுக்குக் கூட்டிப் போனேன். எங்கள் பங்குக் கோவிலில் என்றால் ஃபாதருக்கு இவன் குரல் தெரியும். அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது. இவன் உள்ளே போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணினான். நான் வெளியே நின்றேன். வந்ததும், "முடிஞ்சுதா?" என்று கேட்டேன். முடிந்தது என்றான். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டோம். வீடு வந்து சேரும்வரை எனக்கு உடம்பில் பாரமே தெரியவில்லை.

மறுநாள் தைரியமாகப் பழைய நேரத்துக்கே தண்ணீர் திறந்தேன். அக்கா குடத்தோடு வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. மெல்லச் சொன்னேன். "பையனக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ண வெச்சிட்டேங்க்கா. சாமியார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான்."

அவர் குடம் நிரம்பும்வரை காத்திருந்தார். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"சாமியார் காலா தம்பி ஒடஞ்சுது?"

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் என்னைப் பார்த்து "தோத்திரம் தம்பி" என்றுதான் சொல்வார். என் மனைவிக்கு உடம்பு சரியில்லாதபோது ரசம் வைத்துக் கொடுத்து அனுப்பினார். திட்டியிருந்தால் திட்டு வாங்கியாகிவிட்டது என்று இருந்திருப்பேன்.

என் மகனுக்கு ஓசூரிலேயே கம்பெனி வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது, பெண் குழந்தை பிறந்தது. ஊருக்கு வந்தால் ஒரு நாளுக்கு மேல் தங்க மாட்டான். என்னோடு பேச அவனுக்கு ஒன்றும் இருக்காது, எனக்கும் இருக்காது. சேவியர் மினி லாரி ஓட்டுகிறான். அக்காவின் பெண் பொம்மிடியில் வாழ்க்கைப்பட்டது. மூட்டு வலி அதிகமாகி நடக்க முடியாமல் போனதும் அக்கா மகள் வீட்டுக்கே போய்விட்டார். அங்கேதான் இறந்தார். போன வருடம்.

அடக்கத்துக்கு நானும் மகனும் போனோம். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். சேவியர் பெட்டி ஓரத்திலிருந்து எழுந்து வந்து, "மாமா, சாப்ட்டீங்களா? வெயில்ல நிக்காதீங்க" என்று என்னை நிழலுக்குக் கூட்டிப் போனான். என் மகன் பெட்டிக்குப் பக்கத்திலேயே போகவில்லை.

பொம்மிடி பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தபோது மகன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அன்னைக்குக் கடத்தூர் பக்கத்துல அந்த ஃபாதர் என்னைய அந்த ஆளப் போய்ப் பாக்கச் சொன்னாருப்பா. பாத்து உண்மையச் சொல்லுன்னாரு."

"அத ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்துருச்சு ஓடி வான்னீங்க."

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன். அவன், "தனியாப் போகப் பயமா இருந்துச்சுப்பா" என்றான். முப்பது வயது ஆள். குரல் பத்தொன்பது வயதுக் குரலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவன் ஓசூரிலிருந்து வந்தான். அடிபட்டவரிடம் உண்மையைச் சொல்லப் போவதாக முன்னாலேயே சேவியருக்குப் போன் செய்திருந்தான். "என்கிட்ட எதுக்குடா சொல்ற, நான்தான் பின்னாடி உக்காந்திருந்தனே" என்று அவன் சிரித்தானாம். நானும் மகனும் அவர் ஊருக்கு நடந்து போனோம். அவன் முன்னால் போனான். என் கால் பின்னுக்கு இழுத்தது. வழியெல்லாம், வீடு பூட்டியிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீடு பூட்டியில்லை. அவர் மாட்டுக் கொட்டகை முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது. ஒரு கால் மடங்காமல் நீட்டியபடி இருந்தது. என் மகன் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னான்.

"ஏனு? கேளிசல்ல" என்றார் அவர் கன்னடத்தில்.

உள்ளேயிருந்து மருமகள் வந்தாள். "மாமாவுக்குக் காது கேக்காதுங்க. கத்திச் சொல்லணும். மிசின் வாங்கிக் குடுத்தா ஆணியில மாட்டி வெச்சிருக்காரு."

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அங்கேயே நின்றேன். அவன் மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினான். "அன்னைக்கு உங்க மேல வண்டிய வுட்டது நானுங்க! சேவியர் இல்லைங்க! நான்தான் ஓட்டுனேன்!"

ரோட்டில் போன ஒரு வண்டி நின்றது. குழாயடியில் இருந்த பெண்கள் திரும்பினார்கள். பெரியவர் என் மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தப் புள்ள எங்கிட்ட நான் ஓட்டலன்னு ஒரு நாளும் சொல்லலியே. அந்தம்மாவும் சொல்லல." நீட்டியிருந்த காலைத் தடவிக்கொண்டார். "சரி, நீ ஏன் இத்தன வருசம் வரல?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கேள்வி அவனுடையது இல்லை. எனக்கு அது தெரியும்.

"நான்தாங்க அனுப்பல" என்றேன். "நான் இவனோட அப்பன். நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

பெரியவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து என் பக்கம் சாய்ந்தார்.

"கேளிசல்ல. கத்திச் சொல்லு."

குழாயடியும் ரோடும் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தன. நான் மகனைத் தாண்டி ஓரடி முன்னால் போய், மறுபடியும் சொன்னேன்.